தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகளின் பிரஜாவுரிமை: திரும்பவும் சென்னைக்குப் போக வேண்டுமா?

கேள்வி: 2006இல் மன்னாரால் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனோம். மண்டபம் முகாமில் பதிந்தோம், பிறகு திருச்சிப் பக்கம் மாற்றினார்கள். மூத்தவன் 2011இல் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியிலும் இளையவள் 2015இல் திருச்சியிலும் பிறந்தார்கள். 2019இல் ஐ.நா. அகதிகள் நிறுவனமான யுஎன்எச்சிஆர் மூலம் திரும்பி வந்து இப்போது ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், பிரஜாவுரிமைப் பத்திரம் கொண்டு வாருங்கள் என்று பாடசாலையில் சொல்லிவிட்டார்கள். இன்னும் முகாமில் இருக்கும் என் கணவரின் தங்கை, சென்னை எம்பசி பிறப்புப் பதிவு செய்யப்போவதாக ஒரு அறிவித்தலை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறா. அவவுக்கும் ஆறு மாதக் கைக்குழந்தை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் திரும்ப இந்தியாவுக்குப் போக வேண்டுமா? இங்கேயே பிறந்தது போல் பத்திரம் எடுத்துத் தருவதாக ஒருவர் காசு கேட்கிறார். இளையவளின் பத்திரத்தில் பெயர் இல்லை. கணவரின் பெயரும் அங்கே செல்வராஜ், இங்கே செல்வராசா. என்ன செய்யலாம்?

- ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். இந்தியாவுக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய அறிவித்தல், இன்று தமிழ்நாட்டில் இருக்கும் இலங்கைக் குடும்பங்களுக்கானது. நாடு திரும்பிவிட்ட பிள்ளைகளின் பதிவு, பத்தரமுல்லை சுகுறுபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவில் நடக்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 5(2)ஆம் பிரிவு, இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறது: வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பிறந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலும் பதியலாம், இலங்கையில் பொறுப்பான அமைச்சின் அலுவலகத்திலும் பதியலாம். பிள்ளை பிறந்த நேரத்தில் தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். பிறந்து 1 வருடத்துக்குள் பதிய வேண்டும். தவறினால், தகுந்த காரணம் காட்டினால் அமைச்சர் கூடுதல் காலம் தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் இந்தக் கடைசி வசனம்தான் வழி.

அவசரம் அடையாள அட்டைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் பிறந்ததால் பிள்ளைகள் இந்தியப் பிரஜைகள் என்று எங்கள் பக்கம் பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. 1987 யூலை 1க்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளைக்கு, தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை கிடைக்கும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. அகதியாகப் போன இலங்கைத் தாய் தகப்பனின் பிள்ளை அந்தச் சட்டத்துக்குள் வராது. இங்கே பதிவில்லை, அங்கே உரிமையில்லை என்றால் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். பாடசாலைக்குப் போய்வருகிறது, விதானையின் (கிராம அலுவலரின்) குடும்பப் பட்டியலிலும் பெயர் இருக்கிறது என்பதால் பிரஜாவுரிமை வந்துவிடாது.

காசு கேட்பவரை இன்றைக்கே விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளையை வீட்டில் பிறந்ததாகச் சொல்லி இங்கே பதிவதும், பொய்ச் சாட்சி வைத்துக் காலங்கடந்த பதிவு எடுப்பதும் குற்றம். குற்றம் என்பதைவிடப் பெரிய ஆபத்து பிள்ளைக்குத்தான். நீங்கள் திரும்பி வந்தபோது பிள்ளைகளின் பிறந்த இடமும் திகதியும் யுஎன்எச்சிஆர் பத்திரத்திலும், சென்னையில் தந்த தற்காலிகப் பயணப் பத்திரத்திலும், விமான நிலையப் பதிவிலும் ஏறிவிட்டன. பத்து வருடம் கழித்துக் கடவுச்சீட்டு எடுக்கப் போகும்போது இரண்டு பிறப்பு வெளியே வரும். அன்றைக்கு உண்மையான பத்திரத்தையும் நம்பமாட்டார்கள். சட்டம் நேர் வழியைத் தந்திருக்கும்போது இது தேவையே இல்லை.

இனி வேலையைத் தொடங்குவோம். முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கணவரின் பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்: அவருடைய இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, மகனின் தமிழ்நாட்டுப் பத்திரம், மகளின் பத்திரம், திருமணப் பத்திரம், பயணப் பத்திரம், முகாம் அட்டை. பக்கத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலும் பிறந்த திகதியும். உங்கள் பெயருக்கு இன்னொரு தாள். இப்படிப் போகும் விண்ணப்பக் கோவைகளில் அதிகம் திரும்பி வருவது பெயர் முரணால்தான். அதற்குக் காரணமும் விளங்கக்கூடியது. ஆஸ்பத்திரியில் பிரசவ நேரத்தில் தாதி வாயால் கேட்டு எழுதுவா. இங்கே ‘ராசா’ என்பது அங்கே பழக்கத்தில் ‘ராஜ்’ ஆகிவிடும், ‘புஸ்பராணி’ ‘புஷ்பா’ ஆவா. இங்கே தகப்பன் பெயரை முழுதாக எழுதுவோம், அங்கே இனிஷல் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள். பத்தரமுல்லையில் கோவையைப் பார்ப்பவருக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்கு அது இரண்டு ஆள்.

‘செல்வராஜ்’, ‘செல்வராசா’ போன்ற முரணுக்குச் சத்தியக்கடதாசி ஒன்று போதுமாக இருக்கும். சமாதான நீதவானிடமோ சத்தியப் பிரமாண ஆணையாளரிடமோ முடியுங்கள். அதில் மூன்று விடயம் தெளிவாக இருக்க வேண்டும்: எந்த இலக்கப் பத்திரத்தில் எந்தப் பெயர், இரண்டும் ஒரே ஆள் என்ற கூற்று, முரண் எப்படி வந்தது என்ற காரணம். ‘பெயர்கள் வேறுபட்டாலும் நான் ஒருவரே’ என்று ஒரு வரியில் எழுதித் தருவதைத் தட்டச்சுக் கடைகளில் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். பத்திர இலக்கம் இல்லாத சத்தியக்கடதாசியால் பயனில்லை. கூடவே, விதானை எழுதிப் பிரதேச செயலாளர் மேலொப்பம் இட்ட உறுதிக் கடிதம் ஒன்றும் எடுங்கள். பிறந்த திகதியோ தாயின் பெயரோ முழுதாகவே வேறென்றால் சத்தியக்கடதாசியோடு தப்ப முடியாது. அதை அங்கேயே, பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் திருத்த வேண்டும். இந்தியாவின் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் அதற்கு இடம் உண்டு.

மகளின் பத்திரத்தில் பெயர் இல்லாதது பயப்படுமளவு விடயம் இல்லை. பெயர் வைக்கும் முன்பே ஆஸ்பத்திரி பிறப்பை அறிவித்துவிடும், அதனால் பெண் குழந்தை என்று மட்டும் பதிவாகும். பெயரைப் பிறகு சேர்ப்பதற்கு அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு இருக்கிறது. முதல் 12 மாதத்துக்குள் இலவசம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2015இல் பிறந்த பிள்ளைக்கு 2030 வரை காலம் இருக்கிறது என்றாலும், பெயர் இல்லாத பத்திரத்தோடு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது, அதனால் இதைத்தான் முதல் தொடங்க வேண்டும். கணவரின் தங்கை அங்கே இருப்பது நல்ல வசதி. அவ போக வேண்டியது முகாமுக்குப் பக்கத்து அலுவலகத்துக்கு அல்ல, பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரி எந்த மாநகராட்சி அல்லது நகராட்சி எல்லைக்குள் இருக்கிறதோ அந்தப் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு. பத்திரத்தின் மேலே பதிவு அலுவலகமும் பதிவு இலக்கமும் இருக்கும். நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட கோரிக்கைக் கடிதம், அவவுக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதம், உங்கள் அடையாள அட்டைப் பிரதிகள், மூலப் பத்திரத்தின் பிரதி ஆகியவற்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இலங்கையில் எழுதிய கடிதத்தை அப்படியே ஏற்க முடியாது என்று சொன்னால், அதைச் சத்தியக்கடதாசியாக மாற்றி, யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலுள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவலகத்தில் அத்தாட்சிப்படுத்தலாம். அதற்கு மேல் இந்தியத் தரப்பின் முத்திரையும் கேட்டால் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறது. கொழும்புக்கு அலைய வேண்டாம்.

பெயரைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மகளின் பெயர் இங்கே பாடசாலை இடாப்பில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தொலைபேசியில் சொல்லி எழுத வைக்காதீர்கள்.

திருமணப் பத்திரத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. முகாமில் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட குடும்பங்கள் நிறைய. பதிந்திருந்தால் அந்தப் பத்திரத்தைப் போடுங்கள். பதியவில்லை என்றாலும் பிள்ளைகளின் வழி அடைபடாது: 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு தாய் இலங்கைப் பிரஜையாக இருந்தாலே பிள்ளைக்கு உரிமை உண்டு. அதற்கு முன்பு, மணமான தம்பதியின் பிள்ளை என்றால் தகப்பன் பிரஜையா என்றுதான் பார்த்தார்கள். தகப்பன் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் விண்ணப்பிக்காமல் இருக்கும் தாய்மாரும் எங்கள் மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தத் திருத்தம் பொருந்தும்.

இனி உங்கள் இருவரின் சொந்தப் பத்திரங்கள். பிள்ளையின் உரிமை உங்கள் உரிமையில் தொங்குகிறது, அதனால் உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் இருவருக்கும் வேண்டும். 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடிய இடம் இது. பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பதிவுப் புத்தகமே அழிந்துவிட்டது என்று சொன்னாலும் அதோடு திரும்பி வராதீர்கள். பதிவுகளுக்கு இரட்டைப் பிரதி உண்டு, ஒன்று பதிவாளர் நாயகத்தின் மத்திய ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கும், அங்கே தேடும்படி எழுத்தில் கேளுங்கள். இரண்டு இடத்திலும் இல்லை என்ற எழுத்துப் பதில் கையில் இருந்தால்தான் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போக முடியும்.

உங்கள் இருவரில் ஒருவரின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து குடியேறியது என்றால் இன்னொரு படி இருக்கிறது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த பலரின் தாய் தகப்பனுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்ததில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. ஆனால் இடையில் அகதியாக இந்தியாவுக்குப் போனவர்கள் ‘நிரந்தரமாக வாழ்ந்த’ என்ற சொல்லில் மாட்டினார்கள். 2009இல் வந்த திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. தோட்டத்துப் பிறப்புப் பதிவு, தகப்பனின் சேவைப் பத்திரம், பழைய வாக்காளர் இடாப்பு எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் தாய் தகப்பனின் கோவையை முதலில் முடித்து, பிறகு பிள்ளையின் கோவையைப் போட வேண்டும். மாறிப் போட்டால் இரண்டும் நின்றுவிடும்.

ஒரு வருடம் தாண்டியதற்கான விளக்கக் கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுங்கள். இது மன்னிப்புக் கடிதம் இல்லை, ‘தகுந்த காரணம்’ என்று சட்டம் கேட்பதற்கான சான்று. ஒரு பக்கம் போதும். இந்தப் பாணியில் எழுதலாம்: ‘போர் காரணமாக 2006 (மாதம்) மன்னாரிலிருந்து இந்தியா சென்றோம். மண்டபம் முகாமில் (திகதி) பதியப்பட்டோம், பதிவு இலக்கம் (…). பிள்ளை (திகதி) ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்தார். முகாமை விட்டு வெளியூர் செல்ல அனுமதி பெற வேண்டியிருந்ததாலும், பெற்றோரின் இலங்கைப் பத்திரங்கள் போரில் தொலைந்திருந்ததாலும் ஒரு வருடத்துக்குள் சென்னையில் பதிய முடியவில்லை. (திகதி) நாடு திரும்பினோம்.’ உங்களுக்குப் பொருந்தாத காரணத்தை எழுத வேண்டாம். 2019க்குப் பிறகும் ஏன் பதியவில்லை என்று நிச்சயம் கேட்பார்கள், அதற்கும் நேர்மையான ஒரு வரி வேண்டும். ஒவ்வொரு திகதிக்கும் ஒரு பிரதி இணைக்க முடிந்தால் இணையுங்கள்: முகாம் அட்டை, இந்திய வெளியேறும் அனுமதி, பயணப் பத்திரத்தில் வருகை முத்திரை, யுஎன்எச்சிஆர் கடிதம். முகாம் பத்திரம் கையில் இல்லாதவர்களுக்கு, அங்கே அகதிகளோடு வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தேடித்தர உதவும்.

படகில் திரும்பி வந்த குடும்பங்கள் வருகை முத்திரை இல்லையே என்று ஒதுங்கி நிற்கிறார்கள். பொலிஸ் முறைப்பாடு, நீதிமன்றக் கட்டளை என்று ஏதாவது இருந்தால் அதுதான் வந்த திகதிக்குச் சான்று. வந்த வழி, பிள்ளையின் பிறப்புரிமையை இல்லாமல் செய்யாது.

வவுனியாவிலுள்ள பிராந்திய அலுவலகத்துக்குக் கடவுச்சீட்டுக்காகப் போகலாம், ஆனால் பிரஜாவுரிமைக் கோவை பத்தரமுல்லையில்தான். பஸ் ஏறும் முன் திணைக்களத்தின் 1962 இலக்கத்துக்கு அழைத்து, ‘5(2), தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளை, ஒரு வருடம் கடந்தது’ என்று சொல்லித் தேவையான பத்திரங்களையும், தாமதக் கட்டணத்தையும், பிள்ளையும் வர வேண்டுமா என்பதையும் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பத்திரத்தின் மெய்த்தன்மையை யார் உறுதிப்படுத்த வேண்டும் என்பதையும் மறக்காமல் கேளுங்கள், சென்னையில் உறுதிப்படுத்த வேண்டும் என்றால் கணவரின் தங்கை ஒரே பயணத்தில் அதையும் முடிக்கலாம். மூலப் பத்திரம் எதையும் லமினேற் பண்ணாதீர்கள். முத்திரையின் அழுத்தமும் மையும் தெரியாவிட்டால் அத்தாட்சிப்படுத்த மறுப்பார்கள். ஏற்கெனவே பண்ணியிருந்தால் உரிக்கப் பார்க்காமல் புதுப் பிரதி எடுங்கள். உங்கள் தமிழ்ப் பிறப்புப் பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புக் கேட்டால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது அடையாள அட்டையிலோ கடவுச்சீட்டிலோ உள்ள எழுத்துக்கூட்டலையும் கொடுங்கள். அவர் தன் வழக்கப்படி எழுதினால் புது முரண் ஒன்று முளைக்கும். கோவையைக் கையளித்ததும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் வரிசையை விட்டு விலகாதீர்கள்.

கோவை அசையாமல் கிடந்தால் புறோக்கரைத் தேட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கோவை இலக்கத்தைக் குறிப்பிட்டு, ‘எந்த நிலையில் உள்ளது, என்ன பத்திரம் குறைவு’ என்று தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். பெயர் முரணோ தாய் தகப்பனின் பிரஜாவுரிமையோ சிக்கலானால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்துக்குப் போங்கள், வசதி குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை.

கையில் வரப்போவது 5(2) பிரஜாவுரிமைச் சான்றிதழ். அது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் அல்ல. மகனின் பிறப்புப் பத்திரம் என்றும் ராமநாதபுரத்தில் தந்ததுதான், இரண்டையும் சேர்த்தே எந்த அலுவலகத்துக்கும் கொண்டுபோக வேண்டும். 15 வயது பூர்த்தியானதும் அதிபர் மூலம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போகும்போது இரண்டின் பிரதியும் இணைய வேண்டும். சாதாரணதரப் பரீட்சைக்கு முன் அட்டை வந்து சேராவிட்டால், விண்ணப்பித்த மாணவர்களுக்கு அடையாளத்தை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றை அந்தத் திணைக்களம் கொடுக்கிறது. ஆனால் விண்ணப்பமே போகாத பிள்ளைக்கு அது கிடைக்காது. அதனால் மகளின் பெயர் சேரும்வரை மகனின் கோவையை வைத்திருக்க வேண்டாம். அவனுடையதை இப்போதே போடுங்கள், அவளுடையது பின்னால் போகட்டும்.

இனி அந்த அறிவித்தல். அது உங்களுக்கு உதவாவிட்டாலும் கணவரின் தங்கைக்கு உதவும். குழந்தைக்கு ஆறு மாதம், சட்டம் தந்த ஒரு வருடத்தில் பாதி இருக்கிறது. இப்போது பதிந்தால் தாமத விளக்கம் எதுவும் இல்லாமல் காரியம் முடியும். ஆனால் வட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பிப் புறப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அறிவித்தலின் மேற்பகுதி வெட்டப்பட்டிருக்கிறது, வெளியிட்ட திகதி இல்லை. பழைய நடமாடும் சேவை அறிவித்தல்கள் வருடக்கணக்காகச் சுற்றுவதுண்டு. சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தின் சொந்த இணையத்தளத்தில் அதே அறிவித்தல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தொலைபேசியில் நாளையும் இடத்தையும் கட்டணத்தையும் உறுதிப்படுத்த வேண்டும். முகாமிலிருந்து சென்னை போவதென்றால் முகாம் அலுவலகத்தில் அனுமதியும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். அதற்கு முன், குழந்தையின் பெயர் பதிவில் சேர்ந்திருக்கிறதா, தாய் தகப்பன் பெயர் இலங்கைப் பத்திரத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று அவவை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், உங்கள் மகளின் பெயரைச் சேர்க்கத் திருச்சி அலுவலகத்துக்குப் போகும் அன்றே தன் குழந்தையின் பதிவை எங்கே, எப்படித் திருத்துவது என்பதையும் கேட்டுக்கொண்டு வரட்டும்.